காரணம்: ஜாமு

படிவம் பதினோரு பக்கம். பத்தே முக்கால் பக்கத்தை நிரப்பிவிட்டேன். பாக்கி இருந்தது ஒரே ஒரு வரி. 'பாதிப்புக்குக் காரணம் எனக் கருதப்படுவது' என்று அச்சடித்து, எதிரே மூன்று விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் அது ஜகார்த்தா போய்ச் சேர வேண்டும்.

"ஜாமுன்னு எழுதிடுங்க வினார்சி. இவ்ளோ யோசிக்க என்ன இருக்கு?" என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் பாஸ்கோரோ போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். சாயங்கால வெயில் மேசைவரைக்கும் வந்துவிட்டது. எனக்கும் ஜாமு என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. இருபது வருஷம் நர்ஸ் வேலை, அதில் கடைசி மூன்று வருஷம் இந்த ஈரல் ஆராய்ச்சி. கிளாத்தென் சுற்றுவட்டாரத்தில் என் ஸ்கூட்டர் நுழையாத சந்து கிடையாது. அலுத்துப்போய்விட்டது. ஆனால் ஜாமு என்று எழுத வேண்டுமானால், ஆராய்ச்சியில் சேர்ந்த பர்ஜினாவின் ஈரல் ஜாமுக் கஷாயம் குடித்துத்தான் கெட்டிருக்க வேண்டும். அப்படிக் கெடவில்லை என்று இன்று மத்தியானம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

சாராயம் குடிக்காதவர்களுக்கும் ஈரல் கெடும் என்றால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். நாங்கள் டீயில் சர்க்கரை போடுகிற ஆட்கள் இல்லை, சர்க்கரையில் டீ ஊற்றுகிற ஆட்கள். அதன் மேல் மூன்று வேளைச் சோறு, நடுநடுவே எண்ணெயில் பொரித்த தெம்பே என்கிற சோயா வில்லை, யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு தட்டு பலகாரம். கொழுப்பு போய் ஈரலில் உட்கார்ந்துகொள்கிறது. வலிக்காது. உட்கார்ந்த இடத்தில் மெதுவாகத் தழும்பு கட்டி, ஈரல் விறைத்துப்போகும். அதற்கு ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற போலி. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மாதம் ஒரு டப்பா நான் கொடுப்பேன், காலி டப்பாவைத் திரும்ப வாங்கி, மிச்சத்தை எண்ணுவேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பேன். இவ்வளவுதான் ஆராய்ச்சி.

பர்ஜினாவின் தெருவில் எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே ஆரிசானில் இருப்பவர்கள். ஆரிசான் என்றால் குலுக்கல் சீட்டுதான். மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள், கண்ணாடி டம்ளரில் பேர் எழுதின துண்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள், யார் பேர் விழுகிறதோ அந்த மாதத் தொகை அவளுக்கு. பணத்தைவிடத் தின்பதும் பேசுவதும்தான் அதில் முக்கியம். தலைவி துமினி, அறுபது வயது, போலீஸ்காரன் விதவை, அதட்டல் குரல். பர்ஜினாவுக்கு ஐம்பத்தெட்டு. ஆரம்பப் பள்ளி வாசலில் தெம்பே பொரித்து விற்கிறவர். கணவர் இல்லை, ஒரே மகன் கலிமந்தானில் சுரங்க வேலையில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. ஒரு தம்பி இருந்தான். ஒரு சொட்டு சாராயம் தொடாதவன், ஈரல் கெட்டு ரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தான். எட்டுப் பேரில் பர்ஜினாவின் ஈரல்தான் அதிக விறைப்பு. கருவியில் வந்த எண்ணைச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "என் தம்பிக்கு எவ்ளோ இருந்துச்சு சிஸ்டர்?"

ஒப்புதல் வாங்கின நாளை மறக்க முடியவில்லை. துமினியின் வீட்டில் பாயில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் வரி விடாமல் வாசித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே அவர்களில் ஒருத்தி, ருமியாத்தி, கொட்டாவி விட்டாள். எட்டாம் பக்கத்தில் துமினி கையைத் தூக்கினார்.

"யாருக்கு நெசம், யாருக்குப் பொய்யின்னு யாரு முடிவு பண்றா? டாக்டருக்கு வேண்டப்பட்டவங்களுக்கு நெசமா?"

"யாரும் முடிவு பண்றதில்ல இபு. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுது" என்றேன். வயதான பெண்களை நாங்கள் இபு என்றுதான் கூப்பிடுவோம், அம்மா என்கிற மாதிரி.

"கம்ப்யூட்டர் என்னத்தக் குலுக்கும்? அதுக்குக் கையா இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதற்கு முன்பே இரண்டு தெரு முடித்த களைப்பு. "உங்க சீட்டு மாதிரின்னு வெச்சுக்குங்களேன்" என்றேன். "டம்ளர்ல பேரப் போட்டுக் குலுக்குறீங்க, யாருக்கு விழுதோ அவங்களுக்கு. இதுவும் அதேதான்."

பளிச்சென்று எட்டு முகமும் தெளிந்தன. "இத மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே கையெழுத்துப் போட்டிருப்போம்ல" என்றார் துமினி. எனக்குப் பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் டாக்டரிடம் சொன்னேன், அவரும் மெச்சி, மற்ற ஊர் நர்ஸ்களிடம் அதையே சொல்லச் சொன்னார்.

மாதங்கள் ஓடின. மற்ற தெருக்களில் முப்பது மாத்திரையில் எட்டோ பத்தோ மிஞ்சும். மறந்துட்டேன் என்பார்கள், பூனை தட்டிவிட்டது என்பார்கள். இந்த எட்டுப் பேரின் டப்பா மட்டும் மாதா மாதம் துடைத்து வைத்த மாதிரி காலி. பதினோரு ஊரில் இப்படி ஒழுங்காக விழுங்குகிறவர்கள் இல்லை என்று ஜகார்த்தாவிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ஒவ்வொரு தடவையும் டப்பா மாற்றும்போது பர்ஜினாவிடம் கேட்பேன், ஏதாவது தொந்தரவு உண்டா என்று. "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே தெம்பே பொட்டலத்தை என் பைக்குள் திணிப்பார். படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தத்தின் முடிவு திங்கட்கிழமை வந்தது. ஈரல் பாதிப்பைக் காட்டுகிற எண், நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, அறுநூற்றுப் பத்து. ஓடிப்போய்ப் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள், அந்தக் கண்ணோடு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்படி ஆபத்து வந்தால் ரகசியத்தை உடைத்துப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. டாக்டர் உடைத்தார். பர்ஜினாவுக்கு ஒதுக்கினது போலி.

"அப்பாடா, நம்ம மருந்து இல்ல" என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ஏதோ ஜாமு குடிச்சிருக்காங்க. என்ன ஜாமுன்னு மட்டும் நாளைக்கு விசாரிச்சு எழுதிடுங்க."

ஜாமு எங்கள் நாட்டு மூலிகைக் கஷாயம். பாட்டிலைக் கூடையில் சுமந்து வீடு வீடாக விற்பார்கள். காரணம் தெரியாத எதற்கும் டாக்டர்கள் அதன் மேல்தான் கை நீட்டுவார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். அதனால் இன்று மத்தியானம் துமினி வீட்டுக்குப் போனேன். சீட்டு நாள். பர்ஜினா தவிர ஏழு பேரும் பாயில் இருந்தார்கள், நடுவில் டீயும் பொரித்த வாழைப்பழமும்.

"வாங்க சிஸ்டர், மொதல்ல டீயக் குடிங்க. மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? பர்ஜினா எப்படி இருக்கா?"

"டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு. இபு, அவங்க என்ன ஜாமு குடிச்சாங்க?"

"நாங்க குடிக்கிறதத்தான் குடிச்சா. மஞ்சளும் புளியும்" என்றார் துமினி. "அதக் குடிச்சு ஈரல் கெடும்னா ஜாவாவுல ஒருத்தருக்கும் ஈரல் மிஞ்சாது."

"என் மாமியாருக்கு எண்பது வயசு, தினம் ரெண்டு டம்ளர் குடிக்குது. அது சாகவும் மாட்டேங்குது" என்றாள் ருமியாத்தி. பாயே குலுங்கிச் சிரித்தது.

அப்போதுதான் டீத் தட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். என் டப்பாக்கள் மூன்று. போன வாரம் நான் கொடுத்தவை, என் கையெழுத்தோடு.

"இது ஏன் இங்க இருக்கு?"

"பர்ஜினாவுக்குக் கொண்டுபோகத்தான். கொஞ்சம் முன்கூட்டியே எடுத்து அவகிட்ட குடுத்திருக்கோம், அது முடிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரியில கெடக்கான்னு அவ பங்கு நின்னுடக் கூடாதுல்ல?"

"அவங்க பங்குன்னா என்ன இபு?"

துமினி என்னை ஒரு மாதிரி பார்த்தார், இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி. "நீங்கதானே சொன்னீங்க, சீட்டு மாதிரின்னு? எனக்கும் ருமியாத்திக்கும் கசியெமுக்கும் நெசம் விழுந்துடுச்சு. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. முழுங்கின ஒரு வாரத்துல சோத்தப் பாத்தாலே கொமட்டுச்சு. மூணு பேருக்கும். பர்ஜினா மட்டும் ஜம்முனு தின்னுக்கிட்டு இருந்தா. அப்ப அவளுக்குப் பொய்யிதானே? எங்கள்ல அவ ஈரல்தான் மோசம். தம்பி போன மாதிரி போயிருவோமோன்னு தெனம் பயந்து சாகுறா. சீட்டுல என்ன பண்ணுவோம்? யாருக்கு விழுந்தாலும், தேவை இருக்கிறவளுக்கு விட்டுக் குடுப்போம். ருமியாத்தி மக கல்யாணத்துக்கு நான் விட்டுக் குடுக்கலயா?"

"மூணு பேர் மாத்திரையுமா?"

"மூணும்தான். அவ வேணாம் வேணாம்னா. முழுங்குடின்னு நான்தான் அதட்டினேன்."

"எத்தன மாசமா?"

"நோன்புப் பெருநாள் முடிஞ்சதுலேர்ந்து. மூணு மாசம் ஆச்சு."

மூன்று பேர் மாத்திரை, மூன்று மாதம், ஒரே ஈரலில். அந்த டப்பாக்கள் ஏன் காலியாகவே வந்தன என்று இப்போது புரிந்தது.

"எண் கொறஞ்சிருக்கா சிஸ்டர்?" என்று கசியெம் கேட்டாள். அதுவரை வாயே திறக்காதவள். ஏழு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரிசு அறிவிக்கப் போகிறவளைப் பார்ப்பது போல. டப்பாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"மறக்காம அவகிட்ட குடுத்துருங்க" என்று துமினி வாசல்வரை வந்து சொன்னார்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வார்டில் பர்ஜினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையணைக்குக் கீழே கையை விட்டேன். ஒரு பிளாஸ்டிக் பை, அதில் இன்னும் ஒன்பது மாத்திரை.

"இன்னிக்குப் பங்க காலையிலயே முழுங்கிட்டேன்" என்றார் அவர், திருடின பிள்ளை மாதிரி.

டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த மூன்று பேரின் ரகசியத்தையும் உடைத்துப் பார்த்தார், மூன்றும் நிஜ மாத்திரைதான். பிறகு வார்டு டாக்டரைக் கூப்பிட்டு என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொன்னார். நல்லவேளை, இப்போதே நிறுத்தினால் பிழைப்பார், ஆனால் இன்னொரு வாரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பயம் போனதும் கோபம் வந்தது.

"மாசா மாசம் கேட்டேனே இபு! தொந்தரவு இருக்கா, தொந்தரவு இருக்கான்னு. ஒண்ணுமில்லன்னு சிரிச்சீங்களே!"

"இருந்துச்சு சிஸ்டர். ரெண்டாவது மாசமே மூத்திரம் டீ நெறத்துல போச்சு. ராத்திரியெல்லாம் ஒடம்பு அரிக்கும். சோறு எறங்காது."

"அப்புறம் ஏன் முழுங்கினீங்க?"

"எப்படிச் சொல்றது? தங்களுக்கு விழுந்தத எடுத்து என் கையில வெச்சாங்க. எனக்கு இது ஒத்துக்கலன்னு திருப்பிக் குடுக்கவா?"

எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான். யாராவது அன்பாக நீட்டினால் விஷமாக இருந்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்போம். நானே பர்ஜினா கொடுத்த தெம்பேயை ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. இருபது வருஷம் இந்த ஜனங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, கேட்ட கேள்விக்கு வந்த பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

பர்ஜினா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகூட மஞ்சளாக இருந்தது. "நீங்க ஏதோ எழுதணுமாமே? ஜாமுன்னு எழுதிடுங்க. அவங்க குடுத்த மாத்திரையாலன்னு தெரிஞ்சா துமினி அக்கா என் மூஞ்சியில முழிக்காது. அது கோவப்படாது சிஸ்டர், வெக்கப்படும். கோவம்னாலும் தீரும், வெக்கம் தீராது. ஒருத்தியும் என் வாசப்படி ஏற மாட்டா. எனக்கு வேற யாரு இருக்கா?"

இப்படித்தான் அந்த மூன்று விரற்கடை இடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார், பர்ஜினா கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுப்பு. "அந்தம்மாவே அப்படித்தானே எழுதச் சொல்றாங்க? மாத்திரைய நிறுத்தியாச்சு, உயிருக்கு ஆபத்தில்ல. மிச்ச ஏழு பேரையும் ஏதாவது சொல்லி விலக்கிடலாம். உண்மைய எழுதினா நம்ம ஆராய்ச்சி மையத்த மூடிடுவாங்க. மூணு வருஷ உழைப்பு வினார்சி. உங்க பேரும்தான் அடிபடும்."

அவர் சொன்னது எல்லாமே சரி. ஜாமு என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது. துமினிக்கு, பர்ஜினாவுக்கு, டாக்டருக்கு, எனக்கு. ஆனால் பதினோரு ஊரில் முந்நூறு பேர் இதே மாத்திரையை விழுங்குகிறார்கள். அளவு கூடினால் ஈரலை இது என்ன செய்யும் என்று தெரிந்தது இப்போதைக்கு இந்த ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற எங்களுக்கு மட்டும். சீட்டு மாதிரி என்று என் வாயில் வந்ததை அத்தனை ஊரிலும் சொல்லியிருக்கிறார்கள் வேறு. எங்கேயோ இன்னொரு தெருவில் இன்னொரு துமினி இன்னொருத்தியை முழுங்குடி என்று அதட்டிக்கொண்டிருக்கலாம். இதை நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். பின்னால் வெளியே வந்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது. எழுதினேன். ஆய்வு மருந்து, மூன்று மடங்கு அளவு, சக பங்கேற்பாளர்கள் நல்லெண்ணத்தில் கொடுத்தது, ஒப்புதல் கூட்டத்தில் நான் சொன்ன தவறான உதாரணத்தால். இடம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறிப்போயிற்று.

எங்கள் மையத்தை மூடினார்கள். மற்ற ஊர்களில் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு விசாரித்ததில், இன்னும் இரண்டு தெருவில் மாத்திரை கை மாறியிருந்தது தெரிந்தது. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. என்னை வெளிநோயாளிகள் பிரிவில் போட்டார்கள். எட்டுப் பேருக்கும் என்ன நடந்தது என்று தெரியப்படுத்த வேண்டும், அதுதான் விதி. கடிதங்களைத் தபாலில் போடச் சொன்னார்கள். நான் கையிலேயே கொண்டுபோனேன்.

துமினி வாசலில் நின்றபடியே படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் அதட்டி அதட்டி முழுங்க வெச்சது..." என்றார்.

"தப்பு என்னுது இபு. நான்தான் சீட்டு மாதிரின்னு சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. குடுத்தது நாங்க." கடிதத்தை நாலாக மடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

பர்ஜினா மூன்று வாரத்தில் வீடு திரும்பினார். அதற்குப் பிறகு அவரை ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தேன், ஈரல் பரிசோதனைக்கு வந்தபோது. நானே கருவியை எடுத்து விலாவில் வைத்தேன். ரத்த எண் முப்பத்திரண்டு. கொழுப்பு பாதியாகியிருந்தது, விறைப்பு இரண்டு படி இறங்கியிருந்தது. எடை ஒன்பது கிலோ குறைவு. முந்நூறு பேருக்கு மாத்திரை கொடுத்து எந்த எண்ணுக்காகக் காத்திருந்தோமோ, அது மாத்திரையே இல்லாமல் இவருக்கு வந்திருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, அருமையா இருக்கே! எப்படிம்மா கொறச்சீங்க?" என்று கேட்டார். பர்ஜினா சிரித்தார். டாக்டர் போனதும் நான் கேட்டேன்.

"நெசமா சொல்லுங்க இபு. டீயில சர்க்கரைய விட்டுட்டீங்களா? சோறு கொறச்சீங்களா?"

"விடல சிஸ்டர்." மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சீட்டு நின்னுபோச்சு. துமினி அக்கா என்னப் பாத்தா எதிர்ச் சந்துல திரும்பிருது. ருமியாத்தி பிள்ளைகள வேற கடையில வாங்கச் சொல்லிட்டா. நானே ஒரு நாள் பலகாரம் சுட்டு எடுத்துட்டுப் போனேன், கசியெம் வாசல்லயே நின்னு அழுதுட்டு உள்ள போயிட்டா. அப்புறம் நானும் போகல. தனியா உக்காந்து எவ்ளோதான் சாப்பிடுறது? ரெண்டு வாயில போதும்னு ஆயிருது."

விலாவில் ஒட்டியிருந்த பசையை அவர் துடைக்கப் போனார். நான் துணியை வாங்கி, நானே துடைத்தேன். எழுந்து உட்கார்ந்து சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எண்ணு நல்லா இருக்குல்ல சிஸ்டர்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு இபு" என்றேன்.